ஜெயிலுக்குப் போய் வந்தும் சிரிக்க வைத்தவர்! யார் இந்தக் கலைவாணர் என்.எஸ்.கே?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தினமும் டிராஃபிக்கில் நீந்தி சென்ட்ரல் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் வேப்பேரியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த வேப்பேரியில் 1944 நவம்பரில் நடந்த ஒரு கத்திக்குத்து, தமிழ் சினிமாவின் நம்பர் ஒன் காமெடியனை ஜெயிலில் கொண்டுபோய் விட்டது.

குத்துப்பட்டவர் லட்சுமிகாந்தன். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதியே பத்திரிகை நடத்தியவர். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கைதானவர்களில் இரண்டு பேர் அன்றைய உச்ச நட்சத்திரங்கள். ஒருவர் எம்.கே.தியாகராஜ பாகவதர், இன்னொருவர் என்.எஸ்.கிருஷ்ணன். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

சோடா விற்ற பையன்

நாகர்கோவில் பக்கம் ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29-ல் பிறந்தவர் கிருஷ்ணன். வீட்டில் கஷ்டம், அதனால் படிப்பு சீக்கிரமே நின்றது. நாடகக் கொட்டகையில் சோடா விற்றபடியே நாடகம் பார்த்தார். வில்லுப்பாட்டு கற்றார், டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் நடித்தார். 1936-ல் வந்த 'சதிலீலாவதி'யில் சினிமாவுக்குள் நுழைந்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம்.

படப்பிடிப்பில் அறிமுகமான டி.ஏ.மதுரம் வாழ்க்கைத் துணையானார். திரையிலும் இருவரும் ஜோடிதான். என்.எஸ்.கே. காமெடியில் அடுத்தவரின் உருவத்தையோ ஏழ்மையையோ மட்டம் தட்டுவது குறைவு. மூடநம்பிக்கை, குடி, சாதித் திமிர் என்று ஊரே வாய் திறக்கத் தயங்கிய விஷயங்களைத்தான் அவர் கலாய்த்தார். நந்தனார் கதையின் பாணியில், சிதம்பரத்துக்குப் பதிலாகப் படிப்பைத் தேடிப் போகும் பையனைப் பற்றிய 'கிந்தனார்' காலட்சேபம் அதற்கு செம உதாரணம்.

ஜெயிலும் அதற்குப் பிறகும்

உள்ளே என்.எஸ்.கே., வெளியே வழக்குச் செலவுக்காக அலைந்துகொண்டிருந்தார் மதுரம். 'பைத்தியக்காரன்' படம் எடுக்கப்பட்டதும் பணம் திரட்டும் அந்த முயற்சியில்தான். அப்போது இங்கே சுப்ரீம் கோர்ட் கிடையாது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை அப்பீல் போனது. வழக்கு மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். இரண்டு வருடங்களுக்கு மேல் போயே போய்விட்டது.

பாகவதரால் அந்த அடியிலிருந்து மீள முடியவில்லை. பழைய மார்க்கெட் திரும்பவே இல்லை. என்.எஸ்.கே. மட்டும் விட்ட இடத்திலிருந்து மறுபடி சிரிக்க வைக்க ஆரம்பித்தார். அதே 1947-ல் பம்மல் சம்பந்த முதலியார் தந்த பட்டம்தான் 'கலைவாணர்'. 1949-ல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் ஹீரோவாகி மதுவிலக்கு பேசினார். 'மணமகள்', 'பணம்' படங்களை இயக்கினார். 1956-ல் 'ராஜா ராணி'யில் சிரிப்பைப் பற்றியே ஒரு பாட்டு. அதில் விதவிதமாக அவர் சிரித்துக் காட்டுவதை இப்போது யூடியூபில் பார்த்தாலும் நம்மையறியாமல் சிரிப்பு வந்துவிடும்.

அதற்குப் பின்னால் அறிவியலும் இருக்கிறது. தனியாக இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கணக்கிட்டவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ப்ரொவைன். ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு, வயிறு குலுங்கச் சிரித்தவர்களுக்கு வலியைத் தாங்கும் அளவு கூடுவதைச் சோதித்துப் பார்த்தது. உடல் சுரக்கும் எண்டார்ஃபின் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம். ஆவடி லோக்கலில் இயர்போன் மாட்டிக்கொண்டு மீமுக்கு லேசாக உதடு விரிப்பதும், கொட்டகையில் ஆயிரம் பேரோடு சேர்ந்து சிரிப்பதும் ஒன்றில்லை.

அதற்காக, சிரித்தால் நோயே வராது என்கிற வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பிவிட வேண்டாம். ஊரையே சிரிக்க வைத்த என்.எஸ்.கே., உடல்நலம் கெட்டு 1957 ஆகஸ்ட் 30-ல் இறந்தபோது வயது 48தான். கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர் என்று பெயர், கடைசிக் காலத்தில் கையில் பணம் இல்லை.

சேப்பாக்கத்தில் கலைவாணர் அரங்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது. தி.நகரில் அவருக்குச் சிலை வைத்தபோது, புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த முதல்வர் அண்ணா நேரில் வந்து திறந்துவைத்தார். 1969 ஜனவரி 14, பொங்கல் நாள். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது.