உலகம் சுற்றிய தமிழர்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த ஏ.கே. செட்டியாரைத் தமிழ்ப் பயண இலக்கியத்தின் முன்னோடியாக நாம் போற்றுகிறோம். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்ற அப்பெருந்தகை, 1937 அக்டோபர் 2 அன்று கப்பற்பயணத்தின்போது, காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க உறுதிபூண்டார். நாடுதோறும் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி நெடுந்தொலைவு அலைந்தார். அவர் தேடியிராவிடில் அவற்றுள் பல அழிந்திருக்கக்கூடும். 1940இல் படம் வெளிவந்தது.

பின்னர்ச் சென்னையில் 'குமரி மலர்' இதழை 1943இல் தொடங்கிப் பல்லாண்டு நடத்தி, பழைய ஏடுகளில் புதைந்திருந்த அரிய செய்திகளை மீட்டளித்தார். தம்மை முன்னிறுத்திக்கொள்ள அவர் விழைந்தாரல்லர். 1983இல் மறைந்தார்.

தத்தம் ஊரின் பழஞ்சுவடிகளையும் படங்களையும் மாணவச் செல்வங்கள் தேடித் தொகுத்துக் காப்பதே அன்னாருக்குச் செலுத்தும் நன்றிக்கடனாகும்.