ஆந்திர கேசரி பிரகாசம்

ஆந்திர கேசரி எனப் பேர்பெற்ற தங்குடூரி பிரகாசம் பந்துலு 1872-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி பிறந்தார். இளம்பிராயத்திலேயே தந்தையை இழந்தார். அன்னையார் ஒங்கோலில் சாப்பாட்டு விடுதி நடத்தி மக்களைக் காப்பாற்றினார். அவ்விடுதிச் சிறுவர் சீமை சென்று பாரிஸ்டராகிச் சென்னையில் பெரும்பொருள் ஈட்டியதும், 1921-ல் அவ்வருவாயை உதறிச் சுயராஜ்யா பத்திரிகையில் தம் செல்வத்தைக் கரைத்ததும், 1928-ல் சைமன் கமிஷன் பகிஷ்காரத்தின்போது போலீஸ் துப்பாக்கியின் முன் மார்பைத் திறந்து காட்டியதும் பலரும் அறிந்தவை. நாம் இங்கு எடுத்துக்கொண்டது, பதவி அவரை அடைந்தும் நழுவியும் போன வரலாறேயாம்.

1946 ஏப்ரலில் சென்னை மாகாணப் பிரதம மந்திரியான அவரைச் சொந்தக் கட்சியினரே ஓராண்டு நிறையுமுன் இறக்கினர். 1951-ல் அவர் காங்கிரஸை விட்டு விலகினார்.

1952 தேர்தலில் சட்டசபையின் 375 ஸ்தானங்களுள் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. முதல் மந்திரி குமாரசாமி ராஜா தோற்றார். துறைமுகத் தொகுதியில் பிரகாசமும் தோற்றார். ஆயினும் கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சியாரும் கம்யூனிஸ்டுகளும் பிறரும் கூடி ஐக்கிய முன்னணி அமைத்து அவரையே தலைவராக்கினர். தம் பக்கம் 166 பேர் உளர் என்று உரிமை கோரியும் கவர்னர் ஸ்ரீ பிரகாசா அவரை அழைத்திலர். தேர்தலில் நில்லாத ராஜாஜி மேற்சபைக்கு நியமனம் பெற்று, ஏப்ரல் 10-ந் தேதி முதல் மந்திரியானார். நியமனத்தை எதிர்த்து ராமமூர்த்தி ஹைகோர்ட்டில் தொடுத்த வழக்கு பயனற்றுப் போயிற்று. பின்னர்க் காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியாயினார். வேறு பலரும் பக்கம் மாறினர். ஜூலை 3-ந் தேதி வாக்கெடுப்பில் அரசுக்கு 200, எதிராக 151!

கம்யூனிஸ்டுகளைத் தடுக்க வேறு வழியில்லை என்பார் உளர். அவ்வச்சம் பொய்யன்று. எனினும், காங்கிரஸை எதிர்த்து வாக்குக் கேட்டோர், வாக்களித்த குடிகளைக் கேளாமலே அதன் மந்திரி சபையைத் தாங்கியது நேர்மையாகுமா என்று நாம் ஐயுறுகின்றோம்.

விந்தை என்னவெனில், 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது, பிரகாசமும் தம் கட்சியை விட்டு நீங்கிக் காங்கிரஸ் ஆதரவால் அதன் முதல் மந்திரியாயினார். அவரிடம் பேரன்புடைய நாமும் இதனை மறைத்தற்கில்லை. அப்பதவியும் நெடிது நில்லவில்லை. 1954 நவம்பரில் மதுவிலக்கைப் பற்றி எழுந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஒரே வாக்கால் வீழ்ந்தது. 1957 மே 20-ந் தேதி ஹைதராபாத்தில் அவர் காலமானார். ஒங்கோல் ஜில்லா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.