நேப்பியர் கேட்ட சாட்சியமும் கேளாத சாட்சியமும்

சென்னைக் கூவத்தின் மீதுள்ள நேப்பியர் பாலத்தைக் கடப்போருள் பலர் அப்பெயருக்குரியவரை அறியார். சிந்தாதிரிப்பேட்டையின் மே தினப் பூங்காவும் ஒரு காலத்தில் அவர் பெயரையே தாங்கியிருந்தது. அவர் ஸ்காட்லாந்துப் பிரபு பிரான்சிஸ் நேப்பியர். நிலத்துக்கான போராட்டத்தில் நிற்போர் கற்கவேண்டிய வாழ்க்கை அவருடையது.

1819இல் பிறந்த நேப்பியர், தந்தை 1834இல் மக்காவில் இறந்தபோது சிறுவயதிலேயே பிரபுப் பட்டத்தைப் பெற்றார். வாஷிங்டன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பெர்லின் ஆகிய நகரங்களில் பிரிட்டனின் தூதராக இருந்தார். 1866இல் சென்னை மாகாண ஆளுநரானார். கஞ்சம் பஞ்சத்தை எதிர்கொண்டார். பாசனப் பணிகளில் அக்கறை காட்டினார். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட ஏற்பாடு செய்தார். 1872இல் வைஸ்ராய் மேயோ கொல்லப்பட்டபின் சில மாதங்கள் தற்காலிக வைஸ்ராயாகவும் இருந்தார்.

திண்டுக்கல் அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. தாடிக்கொம்பு போன்ற சமவெளி ஊர்களில் அரசு பேசியது பட்டாதாரரோடு மட்டுமே. உழுது, நட்டு, அறுத்த ஒடுக்கப்பட்ட சாதியினர் பெரும்பாலும் பட்டாவுக்கு வெளியே நின்றனர். மகாலின் தூண்களுக்குக் கிடைத்த கவனம் அவர்களுடைய நில உரிமைக்குக் கிடைக்கவில்லை.

தாயகம் திரும்பியபின் நேப்பியரின் வாழ்வு வேறொரு திசையில் சென்றது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்கள் தலைமுறைகளாக வெளியேற்றப்பட்டு வந்தனர். 1882இல் ஸ்கை தீவின் பிரேய்ஸ் என்னும் ஊரில் அவர்கள் காவலரை எதிர்த்து நின்றனர். அரசு 1883இல் விசாரணை ஆணையம் அமைத்து நேப்பியரைத் தலைவராக்கியது. ஆணையம் 61 இடங்களுக்குச் சென்று 775 பேரிடம் சாட்சியம் பெற்றது. கேலிக் மொழி மட்டும் அறிந்தவர்களையும் மொழிபெயர்ப்பாளர் வழியே கேட்டது. பிரேய்சின் முதல் சாட்சி, உண்மை சொன்னால் தன்னைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றமாட்டார்கள் என்ற உறுதி கேட்டார். பண்ணையாரின் முகவர் அவ்வுறுதியை அளித்தபின்னரே பேசினார். 1886இல் வந்த சட்டம் சிறுகுடியானவருக்கு நிலைத்த குத்தகை உரிமையும் நியாயமான வாடகையும் தந்தது. நிலமற்ற கூலிக் குடிகளுக்கோ அங்கும் கிடைத்தது சொற்பமே.

சென்னை மாகாணத்தின் சேரிகளுக்கு அத்தகைய ஆணையம் வரவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகே, 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அதுவும் அதிகாரியின் குறிப்பின் வழியே வந்ததேயன்றி, உழைத்தவரை ஊர்தோறும் கேட்டு வந்ததன்று. கைமாறிய அந்நிலங்களை மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

நேப்பியர் 1898இல் இறந்தார். தனிமனிதரின் நல்லியல்பு உரிமையைத் தருவதில்லை என்பதே அவர் வாழ்வு காட்டும் உண்மை. ஒரே மனிதர் ஒரு நாட்டில் செவிமடுத்தார். மற்றொன்றில் அவ்வாறு செய்யவில்லை. பிரேய்ஸ் மக்கள் திரண்டு எதிர்த்ததே அவரை அங்கே கேட்கவைத்தது. பஞ்சமி நிலங்களைப் பற்றி ஊர்தோறும் சென்று, சாட்சிகளுக்குப் பாதுகாப்பளித்துக் கேட்கும் ஆணையம் இன்றும் நம் கோரிக்கையாக இருக்கவேண்டும்.