பத்தொன்பது அடி போட்டோ!

இந்த வாரப் போட்டோ தலைப்பு ‘கல்வெட்டு’. கோயிலுக்குக் கேமரா தூக்கிக்கிட்டுப் போனவங்க எல்லாரும், “முழுசும் ஒரே படத்துல வரலை”ன்னு புலம்பல்! அவங்களுக்காக ஒருத்தரைப் பற்றி எழுதுறேன்.

லின்னேயஸ் ட்ரைப். 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1839-ல் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்தார். வேலை பட்டாளத்தில், ஆசை கேமராவில். 1854-ல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். 1856-ல் மதராஸ் சர்க்கார் அவரைத் தன் போட்டோகிராபராகவே நியமித்தது.

1857 டிசம்பரில் சாமான்களை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து கிளம்பினார். ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அப்போ பிலிம் ஏது? மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ். வானம் வெறும் வெள்ளையாக விழுமாம். அதனால் நெகட்டிவ் மேலேயே மேகத்தைத் தீட்டிவிடுவார். (நாம செஞ்சா சார் மார்க்கைக் குறைச்சிடுவார்!)

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டு அவருக்கும் ஒரே படத்தில் அடங்கவில்லை. நகர்ந்து நகர்ந்து எடுத்தார். 21 படங்களை வரிசையாக ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி!

1859-ல் கவர்னர் டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையையே நிறுத்தச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ட்ரைப் எடுத்த படங்கள் ரொம்பக் குறைவு. 1902-ல் சொந்த ஊரிலேயே காலமானார். அவர் எடுத்த படங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.