மின்வில் கண்ட மேதை ஹம்ஃப்ரி டேவி

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

ஏணியில் ஏறி உயர்ந்தவர்கள் உலகில் பலர். ஏறியபின் கீழே நிற்பவனுக்கும் அந்த ஏணியைப் பிடித்துக் கொடுப்பவர்கள் சிலரே. இவ்விரண்டு குணங்களும் ஒரே மனிதனிடம் மாறி மாறி நின்று போராடிய வரலாறுதான் சர் ஹம்ஃப்ரி டேவியின் வாழ்க்கை வரலாறு.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் நடப்பதை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். படிப்பில் அதற்கு டிக் வெல்டிங் என்று பெயர். கூராகச் சாணை பிடித்த டங்ஸ்டன் ஊசிக்கும் இரும்புக்கும் இடையே கண்ணைப் பறிக்கும் ஒளி ஒன்று எழுகிறதல்லவா? அதுவே மின்வில். அந்த ஒளியை உலகம் வியக்கும்படி முதன்முதலில் பெரிய அளவில் எரியவைத்துக் காட்டியவர் டேவி.

1778ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள பென்சான்ஸ் என்னும் கடற்கரைச் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை மரச்சிற்ப வேலை செய்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் ஹம்ஃப்ரி. 1794இல் தந்தை இறந்தபோது குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்தான். தாயார் பெண்களுக்கான தொப்பியும் துணியும் விற்கும் கடை நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். மகன் அவ்வூர் மருத்துவர் போர்லேஸ் என்பவரிடம் மருந்து கலக்கும் தொழில் பழகச் சேர்ந்தான்.

பல்கலைக்கழக வாசலை மாணவனாக ஒருநாளும் மிதிக்காத அந்த இளைஞன், தனக்குத் தானே ஆசிரியனானான். பிரெஞ்சு மொழியைக் கற்று, லவாய்சியரின் வேதியியல் நூலை அம்மொழியிலேயே படித்தான். கருவி வாங்கக் காசில்லை. மருந்துக் குப்பிகளும் அடுக்களைப் பாத்திரங்களும் ஆய்வுக் கருவிகளாயின. கப்பல் உடைந்து கரையேறிய பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் கொடுத்த பழைய பீச்சாங்குழலே அவனுடைய காற்றிறைப்பான் ஆயிற்று.

1798இல் பிரிஸ்டல் நகரில் டாக்டர் பெடோஸ் நடத்திய வாயு ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது. சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடைத் தாமே முகர்ந்து சோதித்தார். அறுவை மருத்துவத்தில் வலியை மறக்கடிக்க அது பயன்படலாம் என்று 1800இல் எழுதினார். மருத்துவ உலகம் அதைக் கண்டுகொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! கார்பன் மோனாக்சைடு கலந்த மற்றொரு வாயுவை முகர்ந்தபோது உயிர் பிழைத்ததே பெரும் பாக்கியம்.

அந்த 1800ஆம் ஆண்டில்தான் இத்தாலி நாட்டு வோல்டா, மின்கலத்தைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். மறு ஆண்டே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவி பணியேற்றார். அவருடைய சொற்பொழிவைக் கேட்கச் செல்வரும் சீமாட்டிகளும் வண்டி கட்டிக்கொண்டு திரண்டனர். 1807இல் உருகிய பொட்டாஷில் மின்சாரம் பாய்ச்சிப் பொட்டாசியத்தையும், அடுத்துச் சோடியத்தையும் பிரித்தார். 1808இல் கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், மக்னீசியம் ஆகியவை வெளிப்பட்டன. அன்று இங்கிலாந்தும் பிரான்சும் போரில் ஈடுபட்டிருந்தும், பகை நாடான பிரான்சின் அறிவியல் கழகம் அவருக்குப் பரிசளித்தது என்றால் அவர் புகழை என்னென்பது!

நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் நன்கொடை திரட்டி, 2000 இணைத் தகடுகள் கொண்ட மாபெரும் மின்கல அடுக்கை அவருக்கு அமைத்துக் கொடுத்தனர். அதன் இரு முனைகளிலும் ஓர் அங்குல நீளமுள்ள கரித்துண்டுகளைப் பொருத்தி, ஒன்றையொன்று நெருங்கச் செய்து, பின் மெல்ல விலக்கினார். இடையிலிருந்த காற்றே மின்சாரத்துக்குப் பாதையாகி, நான்கு அங்குல நீளத்துக்கு ஒளி வளைந்து நின்றது. வில்போல் வளைந்ததால் வில் என்றே பெயர் பெற்றது. அதில் காட்டிய பிளாட்டினம் மெழுகாய் உருகியது. குவார்ட்சும் சுண்ணாம்பும்கூட உருகின. ரஷ்யாவில் பெட்ரோவ் என்பவர் 1802லேயே இவ்வொளியைக் கண்டு எழுதியிருந்தார். ஆயினும் அவர் நூல் வெளியுலகை எட்டவில்லை.

1812இல் டேவிக்குச் சர் பட்டம் கிடைத்தது. செல்வக் குடும்பத்துப் பெண்மணி மனைவியாக வாய்த்தார். அதே ஆண்டில் அவருடைய கடைசிச் சொற்பொழிவுகள் நான்கினை மேல்மாடத்தில் அமர்ந்து கேட்டான், புத்தகம் கட்டும் தொழில் பழகிய ஏழை இளைஞன் ஒருவன். கொல்லர் மகன். கேட்டதையெல்லாம் அழகாக எழுதி, தன் கையாலேயே கட்டி, டேவிக்கு அனுப்பினான். 1813 மார்ச்சில் டேவி அவனைத் தம் ஆய்வுக்கூட உதவியாளனாக்கினார். அவன்தான் மைக்கேல் ஃபாரடே! தம் பழைய வறுமையை மறவாத கை, அன்று ஏணியைப் பிடித்துக் கொடுத்தது.

1815இல் டேவி செய்த தொண்டு அதனினும் பெரிது. நிலக்கரிச் சுரங்கங்களில் விளக்குச் சுடர் பட்டு வாயு வெடித்துத் தொழிலாளர் மாண்டுவந்தனர். 1812இல் ஃபெல்லிங் சுரங்கத்தில் மட்டும் 92 உயிர்கள் போயின. சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை அமைத்தால், வலை வெப்பத்தை உறிஞ்சிவிடும், தீ வெளியே தாவாது என்று கண்டு காப்பு விளக்கைப் படைத்தார். அதற்குக் காப்புரிமை பெறாமல் மக்களுக்கே விட்டுவிட்டார்.

இத்தகைய பெருமகனிடத்தும் ஒரு குறை இருந்தது. அதே ஆண்டில் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் ஒரு காப்பு விளக்கைச் செய்திருந்தார். பதினெட்டு வயதுவரை எழுத்தறியாத சுரங்கத் தொழிலாளி அவர். படிக்காத ஒருவன் இதைச் செய்திருக்க முடியாது, தம் கருத்தைத் திருடினான் என்றே டேவி கருதினார். ஊர்ப் பெரியவர்கள் குழு அமைத்து ஆராய்ந்து, ஸ்டீபன்சன் தாமாகவே கண்டார் என்று தீர்ப்பளித்துப் பரிசும் வழங்கினர். டேவியின் மனம் மாறவில்லை. பீச்சாங்குழலை வைத்து ஆய்வு செய்த பென்சான்ஸ் சிறுவனை அவர் மறந்தே போனார்!

1820இல் ராயல் சொசைட்டியின் தலைவரானார். ஃபாரடேயோ 1821இல் மின்சாரத்தால் கம்பியைச் சுழலச் செய்து புகழ்பெற்றார். அவரை அக்கழகத்தின் உறுப்பினராக்கப் பிறர் முன்மொழிந்தபோது, எதிர்த்து நின்றவர் அவரை வளர்த்த டேவியே. 1824 ஜனவரியில் ஃபாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. அது யாருடையது என்பதை இரகசிய வாக்குப்பெட்டி சொல்லாது. ஆனால் ஃபாரடே தம் ஆசானைப் பற்றிக் கடைசிவரை மதிப்போடுதான் பேசினார்.

நோயுற்ற டேவி 1829 மே 29ஆம் நாள் ஜெனீவாவில் காலமானார். வயது ஐம்பதே. அவர் ஏற்றிய வில்லை வைத்து 1880களில் பெனார்டோஸ் என்பவர் உலோகங்களைப் பற்றவைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க விமானத் தொழிற்சாலை ஒன்றில் மக்னீசியத்தைப் பற்றவைக்க வழியின்றித் திகைத்தனர். உருகும்போது காற்று பட்டால் அது தீப்பிடிக்கும். அங்கிருந்த மெரிடித் என்பவர், டங்ஸ்டன் முனையைச் சுற்றி ஹீலியம் வாயுவைச் செலுத்திக் காற்றை விலக்கி வெற்றி கண்டார். பின்னர் ஆர்கான் அவ்விடத்தைப் பிடித்தது. டேவி பிரித்த மக்னீசியமும், டேவி காட்டிய வில்லும் நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஓரிடத்தில் கூடின!

இவ்வரலாற்றை நான் எழுத வந்த காரணத்தையும் கூறிவிடுகிறேன். என் அண்ணன் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர். என் படிப்புக்காகத் தம் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவர். முதலாம் ஆண்டில் எனக்குக் கட்டணம் கட்ட, பொறி பட்டுத் துளை விழுந்த சட்டையோடு கல்லூரிக்கு வந்தார். யாரென்று நண்பர்கள் கேட்டபோது, எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிவிட்டேன். அது அவர் காதிலும் விழுந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ரசீதை என் கையில் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினார்.

டேவியைப் படித்த பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. இந்தப் பொங்கல் விடுமுறையில் அவரிடமே தொழில் பழக உட்கார்ந்தேன். பழைய சிறு இன்வெர்ட்டர் மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கி, வாடகை சிலிண்டரில், ஓய்வு நேரத்தில் அவர் தாமே கற்ற வித்தை அது. எவர்சில்வர் குழாய் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளே எனக்குப் பாடப்புத்தகம். முதலில் துண்டை நன்றாகத் துடைக்க வேண்டும். டங்ஸ்டனை நீளவாட்டில் சாணை பிடிக்க வேண்டும். கம்பி சேர்க்காமல் வெறும் வில்லால் கோடு போட்டுப் பழகினால் செலவு குறையும். வாயுவை அதிகம் திறந்தால் காசும் போகும், சுழல் உண்டாகிக் காற்றும் உள்ளே புகும். கோடு பொன்னிறமானால் நன்று. கறுத்தால் காற்று பட்டுவிட்டது என்று பொருள். கறுப்புக் கண்ணாடியின்றி வில்லைப் பார்க்கவே கூடாது. என் ஊசி பத்து முறை உருகலில் தோய்ந்தது. பத்து முறையும் அண்ணன் முகம் சுளிக்காமல் மீண்டும் சாணை பிடித்துக் கொடுத்தார்.

அன்று மாலை அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, அந்த வில்லைக் கண்டுபிடித்தவர் கதையை மறுபடி சொல்லச் சொன்னார்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். டேவியின் உழைப்பைப் பின்பற்றுவோம். அவர் மறந்த ஒன்றை நாம் மறவாதிருப்போம். அடுத்த முறை என் அண்ணன் கல்லூரிக்கு வரும்போது, அவரை உங்கள் எல்லோருக்கும் அறிமுகம் செய்து வைப்பேன்.