புதுமைப்பித்தனைக் கொண்டுபோன கிருமி

புதுமைப்பித்தன் என்றதும் நம்ம ஆட்களில் பலருக்கு ஒரே ஒரு கதைதான் நினைவுக்கு வரும். சிவபெருமான் சென்னைக்கு வந்து, கந்தசாமிப் பிள்ளை என்ற சாதாரண மனுஷரோடு காப்பி சாப்பிடப் போகிற கதை. அதை எழுதியவர் 42 வயதிலேயே காசநோயில் இறந்துபோனார் என்பது நிறைய பேருக்குத் தெரியாது.

அவர் இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25-ஆம் தேதி திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். குடும்பம் திருநெல்வேலிச் சைவ வேளாளர் குடும்பம். அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்ததால் ஊர் ஊராக மாற்றல். அம்மா சின்ன வயசிலேயே இறந்துவிட்டார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, திருவனந்தபுரத்துக் கமலாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, எழுதிப் பிழைக்கலாம் என்று சென்னைக்குப் போனார். அந்தக் காலத்தில் இதைவிட மோசமான தொழில் முடிவு இருந்திருக்காது! 1934-இல் மணிக்கொடி பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார். பிறகு ஊழியன், தினமணி, தினசரி. கிட்டத்தட்ட பன்னிரண்டு வருஷத்தில் நூறு கதைக்குப் பக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளைப் பற்றி ‘துன்பக்கேணி’ எழுதினார். மலாயா ரப்பர் தோட்டத்துக்கு வந்த நம்ம பாட்டன் பூட்டன் கதையும் அதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை.

பத்திரிகைச் சம்பளம் எப்பவும் பத்தவில்லை. அதனால் சினிமா. சொந்தமாகப் படம் எடுக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். கடைசியில் தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் புனே போனார். அங்கேதான் காசநோய் வெளியே தெரிந்தது.

புனேயில் நோய் பிடித்தது என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். ஆனால் இந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் படித்தால், அது பல வருஷம் முன்னாடியே சென்னையில் அவர் நெஞ்சுக்குள் நுழைந்து காத்திருக்கலாம் என்று தோன்றும். 1882-இல் ராபர்ட் கோக் கண்டுபிடித்த இந்த பாக்டீரியா அவசரமே படாது. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரண்டாகும். இதற்கு அரை நாளுக்கு மேல் ஆகும். எஞ்சினியரிங் படிக்கிறவன் கண்ணுக்கு இதில் அதிசயம் அதன் சுவர்தான். மைக்கோலிக் அமிலம் என்ற நீண்ட கொழுப்புச் சங்கிலிகளால் ஆன மெழுகுப் பூச்சு. சாதாரண மருந்து எளிதில் உள்ளே போகாது.

யாரோ இருமிய காற்றில் வரும் துளியோடு நுரையீரல் அடிவரை இது போகும். அங்கே காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல் இதை விழுங்கும். விழுங்கியதை ஒரு பைக்குள் வைத்து, செரிக்கும் அமிலம் உள்ள லைசோசோமோடு அந்தப் பையை இணைப்பதுதான் வழக்கம். காசநோய்க் கிருமி அந்த இணைப்பையே தடுத்துவிடும். போதாததற்கு, தன் சுவரில் உள்ள ஒரு பம்ப் வழியாக இசாட்-6 என்ற புரதத்தை வெளியேற்றும். பையின் சவ்வு கிழிவதில் அதற்கும் பங்கு உண்டு. காவல்காரன் வீட்டிலேயே குடித்தனம்! உடம்பு சும்மா இருக்காது, மேலும் செல்களை அனுப்பிச் சுற்றி ஒரு கோட்டை கட்டும். கிரானுலோமா என்று பெயர். கிருமி தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதோடு சரி, வாழ்நாள் முழுக்க அது உள்ளேயே அடங்கிக் கிடக்கும். சாப்பாடு குறைந்தால், உடம்பு நொந்தால், கோட்டை உள்ளிருந்து தயிர்க்கட்டி மாதிரி இளகி உடையும். நுரையீரலில் ஓட்டை விழும். அந்தச் சேதத்தில் பெரும்பங்கு நம் உடம்பின் சொந்தச் சண்டையால் வருவது. அரைச் சம்பளம், ஓயாத அலைச்சல், தூக்கமில்லாத இரவுகள், விடாத வெற்றிலை புகையிலை என்று இருந்த மனுஷருக்கு அந்தக் கோட்டை எத்தனை நாள் தாங்கும்?

மருந்து அப்போது வந்துவிட்டது என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். கிருமி புரதம் தயாரிக்கும் ரைபோசோமிலேயே கைவைக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. சாமானிய எழுத்தாளன் வாங்கும் விலையில் அது இல்லை. தனியாகக் கொடுத்தால் சில மாதத்தில் கிருமி அதற்குப் பழகியும்விடும். மெழுகுச் சுவரையே கட்டவிடாமல் செய்யும் ஐசோனியாசிட் 1952-இல்தான் வந்தது. நம்ம ஊரிலும் அப்போது நிலைமை நல்லா இல்லை, 1947-இல்தான் இங்கே சாட்டா சங்கம் தொடங்கியது. இன்றும் முழுசாகப் போகவில்லை. ஆங் மோ கியோவில் ஒரே புளோக்கில் ஆறு பேருக்குப் பல மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் வந்தது 2016-இல் தெரியவந்தது நினைவிருக்கலாம்.

1948 மே மாதம், நடக்கவே முடியாத நிலையில் அவர் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். நண்பர்கள் பணம் திரட்டப் பார்த்தார்கள். ஜூன் 30 அன்று உயிர் பிரிந்தது. மகள் தினகரி அப்போது சின்னக் குழந்தை. ஸ்ட்ரெப்டோமைசின் வேலை செய்கிறது என்று நிரூபித்த பிரிட்டிஷ் ஆய்வின் அறிக்கை அதே வருஷம் அக்டோபரில் வெளிவந்தது.

2002-இல் தமிழ்நாடு அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது, அதனால் கதைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். புத்தகமாகப் படிக்கணும்னா விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் பாருங்க. கந்தசாமிப் பிள்ளையை ஏற்கெனவே படித்தவங்க அடுத்து ‘செல்லம்மாள்’ எடுக்கலாம். நோயாளி மனைவியோடு சென்னையில் காலம் தள்ளும் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தியின் கதை.