முதலில் விளம்பரம், பிறகு அழகுக் குறிப்பு: ஹாரியட் ஹப்பர்ட் ஏயரைப் பெண்கள் நம்பியது ஏன்?

1880-களின் கடைசியில் அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டினால் ஒரு பெயர் அடிக்கடி கண்ணில் படும்: ஹாரியட் ஹப்பர்ட் ஏயர். முகத்தில் பூசும் க்ரீமுக்கான விளம்பரத்தில் அந்தப் பெயர் இருக்கும். பத்து வருடம் கழித்து அதே பெயர் மறுபடியும் வருகிறது. ஆனால் இந்த முறை விளம்பரத்தில் இல்லை. ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழின் அழகுக் குறிப்புக் கட்டுரைக்கு மேலே, எழுதியவரின் பெயராக.

விற்றவரே பிறகு ஆலோசனை சொல்ல வந்தார். இன்றைக்கு இப்படி ஒருவர் வந்தால் முதல் கேள்வியே, காசு வாங்கிட்டுப் பேசறாங்களா என்பதாகத்தான் இருக்கும். ஹாரியட்டின் மீதும் புழுதி வாரி இறைத்தார்கள். வியாபாரம், குடும்பம், மனநிலை எதையும் விட்டுவைக்கவில்லை. அப்படியிருந்தும் கடைசிக் காலத்தில் ஏராளமான பெண்கள் அவர் சொன்னதை நம்பினார்கள். அது எப்படி நடந்தது?

வசதியான வீட்டிலிருந்து சம்பள வேலைக்கு

ஹாரியட் பிறந்தது 1849-ல், சிகாகோவில். வசதியான குடும்பம். பதின்வயதிலேயே இரும்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஏயருடன் திருமணம். 1871 அக்டோபரில் சிகாகோ நகரத்தையே விழுங்கிய பெருந்தீயில் அவர்களின் வீடு போனது. அந்தப் பேரிடரில் தன் கைக்குழந்தையையும் அவர் இழந்தார். அதன் பிறகு சில காலம் பாரிஸில் தங்கினார். பிரெஞ்சு மொழி, நாகரிகம், அலங்காரம் எல்லாம் அங்கே பழகியது.

1880-களின் தொடக்கத்தில் கணவரை விட்டுப் பிரிந்தார். 1883-ல் கணவரின் வியாபாரமும் நொடித்துப்போனது. இரண்டு பெண் பிள்ளைகளோடு நியூயார்க் வந்தவர், வீட்டு அலங்காரப் பொருட்கள் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வசதியான வீட்டுப் பெண் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதை அந்தக் கால மேல்தட்டு சமூகம் கௌரவக் குறைச்சலாகப் பார்த்தது. ஹாரியட் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1886-ல் விவாகரத்தும் ஆனது.

ஒரு டப்பா க்ரீம், ஒரு பெரிய கதை

அதே 1886-ல் அவர் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பொருளின் பெயர் ரெகாமியே க்ரீம். நெப்போலியன் காலத்தில் அழகுக்குப் பெயர்போன பிரெஞ்சுப் பெண்மணி ஜூலியட் ரெகாமியே. ஓவியர் டாவிட் 1800-ல் வரைந்த அவரது ஓவியம் இன்றும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பெண்மணி பூசிக்கொண்ட க்ரீமின் செய்முறையையே பாரிஸில் விலைக்கு வாங்கி வந்திருப்பதாக ஹாரியட் சொன்னார். ரெகாமியே இறந்ததும் ஹாரியட் பிறந்ததும் ஒரே வருடம், 1849. சாட்சி கேட்க ஆள் கிடையாது. இந்தக் கதையைச் சரிபார்க்க ஒரு சாதாரண வாசகிக்கு வழியும் கிடையாது.

கதையோடு அவர் நிற்கவில்லை. இன்றைய இன்ஃப்ளூயன்சர் மார்க்கெட்டிங்கில் பார்க்கிற பல வித்தைகள் அவருடைய விளம்பரங்களிலேயே இருந்தன.

முதலாவது, சொந்தப் பெயர். பெரிய இடத்துப் பெண்கள் தங்கள் பெயரைப் பத்திரிகையில் பார்க்கவே கூச்சப்பட்ட காலத்தில், அவர் தன் பெயரையும் குடும்பச் சின்னத்தையும் டப்பாவில் அச்சிட்டார். முகத்துக்குச் சாயம் பூசுவது நாடகக்காரிகளின் வேலை என்று ஒதுக்கிய பெண்களுக்கு, நம்ம மாதிரி ஒருத்தரே பயன்படுத்தறாங்களே என்ற தைரியம் வந்தது.

இரண்டாவது, பிரபலங்கள். பாடகி அடெலினா பட்டி, நடிகை லில்லி லாங்ட்ரி போன்றவர்களின் பாராட்டுக் கடிதங்கள் விளம்பரத்தில் இடம்பெற்றன. இந்த இருவரும் பியர்ஸ் சோப்புக்கும் இதேபோலப் பெயர் கொடுத்தவர்கள். பாராட்டுக்குப் பின்னால் பணம் கைமாறியதா என்று விளம்பரம் சொல்லாது. சொல்ல வேண்டும் என்ற சட்டமும் அப்போது இல்லை.

மூன்றாவது, அறிவியல் முத்திரை. வேதியியல் பேராசிரியர் ஒருவர் சோதித்துப் பார்த்து, தீங்கு இல்லை என்று சொன்னதாகச் சான்று போட்டார்கள்.

க்ரீமின் விலை ஒன்றரை டாலர். தொழிலாளிகள் பலருக்கு அது ஒரு நாள் கூலிக்கும் மேல். ஆனாலும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

பயப்படக் காரணம் இருந்தது

அந்தப் பேராசிரியர் சான்று சும்மா அலங்காரத்துக்காக இல்லை. க்ரீம் என்றாலே பெண்கள் பயப்பட நியாயமான காரணம் இருந்தது.

1869-ல் நியூயார்க் மருத்துவர் லூயிஸ் சாயர் மூன்று பெண்களைப் பற்றி அறிக்கை கொடுத்தார். மூவருக்கும் கை செயலிழந்திருந்தது. காரணம், அவர்கள் முகத்தில் பூசிவந்த ‘பிளூம் ஆஃப் யூத்’ என்ற திரவம். அதில் ஈயம் கலந்திருந்தது. இளமையின் மலர்ச்சி என்று பெயர் வைத்த பொருள் நரம்பைத் தின்றது. அடுத்த சில பத்தாண்டுகளில், நிறம் கூட்டும் என்று சொல்லி ஆர்சனிக் வில்லைகளையே கடைகளில் விற்றார்கள். அவற்றின் விளம்பரத்தில் பாதுகாப்பானது என்ற சொல் கொட்டை எழுத்தில் இருந்தது.

டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டிய கட்டாயம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை. ஆக, வாங்குகிறவருக்கு ஒரே வழிதான்: யார் சொல்கிறார் என்று பார்த்து நம்புவது. பெயருக்கு அவ்வளவு மதிப்பு வந்ததே இதனால்தான். ஹாரியட் சம்பாதித்ததும் அந்தப் பெயரை வைத்துத்தான்.

பெயர் கெட்டது

அந்தப் பெயரின் மீதுதான் அடியும் விழுந்தது. நிறுவனத்துக்குப் பண உதவி செய்தவர் ஜேம்ஸ் சீமோர் என்ற பங்குத் தரகர். அவருடைய மகனுக்கும் ஹாரியட்டின் மூத்த மகளுக்கும் திருமணம் நடந்து, இரண்டு குடும்பமும் சம்பந்தி ஆனது. பிறகு கம்பெனி யார் கையில் என்ற சண்டை வெடித்தது. 1889-ல் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. தன் நிறுவனத்தைப் பறிக்கச் சதி நடப்பதாக ஹாரியட் சொன்னார். போதை மருந்துப் பேச்சு, மனநிலை பற்றிய பேச்சு என்று விசாரணையில் எல்லாம் சந்திக்கு வந்தது.

பத்திரிகைகளுக்கு இது தீனி. ஹாரியட்டைப் பிரபலமாக்கியவையே அவரைத் தினமும் கிழித்துத் தொங்கவிட்டன. கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தப் பரபரப்பில் க்ரீமில் என்ன இருக்கிறது, விளம்பரம் சொன்னது உண்மையா என்ற கேள்விக்குக் கொஞ்சம்தான் இடம். அவர் எப்படிப்பட்ட பெண் என்பதுதான் பேச்சாக இருந்தது. அழகைப் பற்றிப் பேசும் பெண்கள் மீது வரும் விமர்சனம் பொருளை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்வது அன்றே இருந்த வழக்கம்.

1893-ல் நிலைமை எல்லை மீறியது. முன்னாள் கணவர் உள்ளிட்ட நெருங்கிய உறவினர்கள், நியூயார்க்கை அடுத்த பிராங்க்ஸ்வில்லில் இருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் அவரைச் சேர்த்தார்கள். 14 மாதம் உள்ளே இருந்தார். வழக்கறிஞர்களின் முயற்சியால் வெளியே வந்தபோது தொழிலும் கையில் இல்லை, சொத்தும் இல்லை. மனநலம் சரியில்லாதவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவரின் பேச்சை யார் நம்புவார்கள்?

அவர் ஒளிந்துகொள்ளவில்லை. காப்பகத்தில் கழித்த 14 மாதத்தைப் பற்றி மேடை ஏறிப் பேசினார். விருப்பத்துக்கு மாறாக ஒரு பெண்ணை உள்ளே தள்ளுவது எவ்வளவு சுலபம் என்பதை ஊருக்குச் சொன்னார். சில வருடம் முன்பு, 1887-ல், ‘நியூயார்க் வேர்ல்ட்’ நிருபர் நெல்லி பிளை மனநலம் குன்றியவர்போல நடித்துக் காப்பகத்துக்குள் போய், 10 நாள் இருந்து எழுதிய கட்டுரைகள் அமெரிக்காவையே உலுக்கியிருந்தன. ஹாரியட் நடிக்கவில்லை, அவர் பட்டது நிஜம்.

விற்க எதுவும் இல்லாத எழுத்தாளர்

நெல்லி பிளையின் அதே பத்திரிகைதான் ஹாரியட்டுக்கும் கதவு திறந்தது. ஜோசப் புலிட்சரின் ‘நியூயார்க் வேர்ல்ட்’ அப்போது லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தது. ஞாயிறு இதழில் பெண் வாசகர்களை இழுக்கப் பக்கங்கள் தேவைப்பட்டன. 1896-ல் ஹாரியட் அங்கே அழகும் ஆரோக்கியமும் பற்றி எழுதத் தொடங்கினார். வாசகிகளின் கடிதங்கள் குவிந்தன. அமெரிக்காவில் அதிகச் சம்பளம் வாங்கும் பெண் பத்திரிகையாளர்களில் ஒருவர் என்ற பெயரும் சீக்கிரமே கிடைத்தது.

இப்போது அவர் எழுதியதில் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. ரெகாமியே க்ரீமின் செய்முறை ரகசியம். அந்த ரகசியத்துக்குத்தான் ஒன்றரை டாலர். பத்திரிகையிலோ அவர் செய்முறையையே கொடுத்தார். பாதாம் எண்ணெய், வெள்ளை மெழுகு, பன்னீர் என்று பொருட்களின் பெயரும் அளவும் எழுதினார். வீட்டிலேயே கலக்கலாம், இல்லையென்றால் மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்துச் செய்து வாங்கலாம். நல்ல தூக்கம், குளியல், உடற்பயிற்சி, காற்றோட்டம், இறுக்கமில்லாத உடை என்று காசு செலவில்லாத யோசனைகளும் நிறைய. 1899-ல் இவற்றைத் தொகுத்துப் பெரிய புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

அவர் சொன்ன எல்லாக் குறிப்பும் இன்றைய தோல் மருத்துவத்துக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. ஆனால் நம்பிக்கையின் அடிப்படை மாறியிருந்தது. முன்பு, என் பெயரைப் பார்த்து வாங்குங்கள் என்று கேட்டார். இப்போது, இதில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று காட்டினார். தவறு இருந்தால் வாசகியோ மருத்துவரோ கண்டுபிடிக்கவும் அதில் வழி இருந்தது. க்ரீம் விற்றால் அவருக்கு லாபம், விற்காவிட்டால் நஷ்டம் என்ற நிலையும் இல்லை.

முழுச் சுதந்திரம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. அவருக்குச் சம்பளம் கொடுத்த பத்திரிகை உலகமே விளம்பரப் பணத்தில் ஓடியது. அதில் அழகுப் பொருட்களும் அதிசய மருந்துகளும் பெரும் பங்கு. மருந்து கம்பெனிகள் பத்திரிகைகளோடு போட்ட ஒப்பந்தத்தில், தங்களுக்கு எதிராகச் சட்டம் வந்தால் விளம்பரம் ரத்து என்ற நிபந்தனை இருந்ததை ‘கோலியர்ஸ்’ வார இதழ் 1905-ல் அம்பலப்படுத்தியது. எழுதுகிறவர் நேர்மையாக இருந்தாலும், அவர் எழுதும் பக்கத்துக்கு யார் பணம் தருகிறார் என்ற கேள்வி மிச்சம் இருந்தது.

இறந்தவரின் பெயரில் வியாபாரம்

1903 நவம்பரில், 54-வது வயதில், ஹாரியட் காலமானார். இளைய மகள் மார்கரெட்டும் பிறகு பத்திரிகைகளில் அழகுக் குறிப்பு எழுதினார்.

கதை அத்தோடு முடியவில்லை. 1907-ல் ஹாரியட் ஹப்பர்ட் ஏயர் என்ற பெயரின் உரிமையை வாங்கி, புதிய அழகுப் பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் உரிமையாளர்களுக்கும் ஹாரியட்டின் பழைய தொழிலுக்கும் சம்பந்தம் இல்லை. பெயர் மட்டும் அவருடையது. நிறுவனம் நன்றாக வளர்ந்து, 1947-ல் லீவர் பிரதர்ஸ் கைக்குப் போனது. அத்தனை வருடமும் அந்த டப்பாக்களை வாங்கிய பெண்கள் நம்பியது, அந்தப் பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவரின் பெயரை.

சட்டம் வந்தது எப்போது?

1906-ல் அமெரிக்கா கொண்டுவந்த உணவு, மருந்துச் சட்டத்தில் அழகுப் பொருட்கள் சேர்க்கப்படவில்லை. 1938-ல்தான் அவை சட்டத்துக்குள் வந்தன. பாராட்டிப் பேசுகிறவர் பணம் வாங்கினாரா என்ற கேள்விக்கு இன்னும் நாளானது. விளம்பரப் பரிந்துரைகளுக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் 1980-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு இணையத்தில் எழுதுகிறவர்களும் அதை வெளியே சொல்ல வேண்டும் என்று 2009-ல் திருத்தினார்கள். பட்டியும் லாங்ட்ரியும் ரெகாமியே க்ரீமைப் பாராட்டி 120 வருடம் கழித்து!

ஹாரியட்டை நல்லவர், கெட்டவர் என்ற பட்டியலில் அடைப்பது கஷ்டம். ரகசியக் கதை சொல்லிக் க்ரீம் விற்றதும் அவர்தான், ரகசியத்தை உடைத்து அளவோடு எழுதியதும் அவர்தான். திறமை இரண்டு காலத்திலும் ஒன்றே. மாறியது இரண்டு விஷயம்: பணம் எங்கிருந்து வருகிறது, டப்பாவுக்குள் என்ன இருக்கிறது. முதல் தடவை இரண்டும் வாசகிக்குத் தெரியாது. இரண்டாவது தடவை, இரண்டில் ஒன்றாவது தெரிந்தது. அழகுக் குறிப்பு சொல்ல வருகிற யாரிடமும் இன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான்.